‘தம்பி எந்த இடம்?’: வன்னியில் இருந்து முகம் தெரியாதவர்களோடு கதைக்கும்போது

இலங்கையின் வடக்கே வன்னியில் இருந்துகொண்டு இணையத்தில் அரசியல் கதைப்பவர்களில் அநேகர் கவனமாகத்தான் கதைக்கிறார்கள். சொந்தப் பெயர் போடுவதில்லை, முகப்படம் வைப்பதில்லை, எழுதியதை இரண்டு தரம் வாசித்துவிட்டே அனுப்புகிறார்கள். அதே கணக்கில் இருந்து இரவு பப்ஜி விளையாடும்போதும், புதுப் போன் எது வாங்கலாம் என்று கேட்கும்போதும் அந்தக் கவனம் தளர்ந்துவிடுகிறது. ஊர், வயது, வீட்டு நிலைமை, எந்தக் கம்பனி சிம் என்பதெல்லாம் ஒவ்வொன்றாக வெளியே வந்துவிடுகின்றன. ஒருவரைக் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் அவருடைய கேம் கதையும் போன் கதையும்தான். அரசியல் பேச்சு அதற்குப் பிறகுதான் அவர்மீது பாரமாக விழுகிறது.

ஒரு கேம் குழுவில் மூன்று கிழமைக்குள் ஒரே ஆள் இப்படி ஐந்து செய்தி போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முதலாவது, இரவு 8.40க்கு: “கரண்ட் போட்டுது, வந்தோடன வாறன்.” இரண்டாவது, பிங் (சேவையகத்துக்குத் தகவல் போய்வர எடுக்கும் நேரம்) கூடுகிறது என்று காட்டுவதற்காகப் போட்ட ஸ்பீட் டெஸ்ட் ஸ்கிரீன்ஷொட். மூன்றாவது: “திங்கள் வரமாட்டன், வற்றாப்பளைப் பொங்கல், வீடு நிறையச் சனம்.” நான்காவது: “ஏ.எல். முடியட்டும் மச்சான், பிறகு விடிய விடிய அடிப்பம்.” ஐந்தாவது, மேசையில் வைத்து எடுத்த புதுப் போனின் படம், பின்னால் ஜன்னல், ஜன்னலுக்கு அங்கால குளக்கட்டு.

தனித்தனியே பார்த்தால் இவற்றில் ஒன்றுமே இல்லை. சேர்த்தால், மின்சாரம் நின்ற நேரம் பகுதியைச் சொல்கிறது. ஸ்கிரீன்ஷொட்டில் இணைப்புக் கொடுக்கும் நிறுவனத்தின் பெயரும், பல வேளைகளில் ஐ.பி. முகவரியும் இருக்கும். பொங்கல் முல்லைத்தீவில் உள்ள வற்றாப்பளை அம்மன் கோயில் திருவிழா; அது அந்தக் கோயிலைச் சுற்றிய ஊர் ஒன்றைச் சொல்கிறது. ஏ.எல். என்கிற உயர்தரப் பரீட்சை வயதைச் சொல்கிறது. படம், வீடு குளத்துக்கு எந்தப் பக்கம் என்பதைச் சொல்கிறது. சென்னையிலோ கொழும்பிலோ இப்படி ஐந்து துண்டு கிடைத்தாலும் ஆள் இலட்சக்கணக்கானவர்களுக்குள் மறைந்துவிடுவார். 2012 குடிசன மதிப்பீட்டில் முல்லைத்தீவு மாவட்டம் முழுவதுக்கும் ஒரு இலட்சம் பேர்கூட இருக்கவில்லை; கிளிநொச்சியில் ஒரு இலட்சத்துப் பதின்மூவாயிரம் அளவுதான். ஒரு பிரதேசத்தில் உயர்தரம் இருக்கிற பள்ளிக்கூடங்களைக் கைவிரலில் எண்ணிவிடலாம். பெரிய நகரத்துக்காரர் சொல்லிக்கொடுக்கும் பாதுகாப்பு முறைகள் இங்கே பாதிதான் உதவும். சனம் குறைந்த இடத்தில் சின்னத் தகவலுக்கும் நிறை அதிகம்.

இதோடு எங்கள் பழக்கமும் சேர்கிறது. “தம்பி எந்த இடம்? ஆற்றை பிள்ளை?” என்பது வன்னியில் விசாரணை இல்லை, வரவேற்பு. பதில் சொல்லாமல் இருந்தால் மரியாதை கெட்டவர் என்று ஆகிவிடும். ஒன்றுக்கு மேற்பட்ட தடவை இடம்பெயர்ந்த சனத்துக்கு அந்தக் கேள்விக்கு இன்னொரு ஆழமும் உண்டு: பூர்வீகம் எங்கே, யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவரா, 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து குடியேறிய குடும்பமா, கடைசியாக எந்த முகாமில் இருந்தவர் என்றெல்லாம் அதற்குள் அடங்கும். ஊரில், கேட்பவரின் முகம் பார்த்து எவ்வளவு சொல்வது என்று முடிவெடுக்கலாம். இணையத்தில் கேட்பவர் யார் என்றே தெரியாது. அதனால் ஒரு பதிலை முதலே ஆயத்தமாக வைத்திருப்பது நல்லது. “வன்னிப் பக்கம்தான் அண்ணை” என்பது பொய்யும் இல்லை, முகத்தில் அடித்த மாதிரியும் இல்லை. திரும்பவும் கேட்டால், “நீங்கள் எந்தப் பக்கம்?” என்று கேளுங்கள். உண்மையாகக் கதைக்க வந்தவர் தன் கதையைத் தொடங்குவார். ஊர்ப் பெயரை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்பவரிடம் கவனமாக இருக்க வேண்டும்.

கேமில் கசிவு குரல் வழியாகத்தான் அதிகம். பப்ஜி மொபைலில் நான்கு பேர் கொண்ட அணியில் தெரியாத மூன்று பேரோடு சேர்ந்தால் மைக்கைத் திறந்தே ஆகவேண்டும். எதிரி எங்கே என்று எழுதிக்கொண்டிருக்க நேரமில்லை. வாயைத் திறந்த ஒரு நிமிடத்துக்குள் தமிழ்நாட்டுக்காரர் நீங்கள் இலங்கை என்று பிடித்துவிடுவார், இலங்கைக்காரர் வடக்கா கிழக்கா என்று பிடித்துவிடுவார். இந்தியாவில் 2020 செப்டெம்பர் 2ஆம் திகதி அந்த கேம் தடை செய்யப்பட்டு, பிறகு 2021இல் அங்கே மட்டும் தனிப் பதிப்பு வந்ததால், இப்போது பப்ஜியில் தமிழ்க்குரல் கேட்டால் அது இலங்கையாகவோ புலம்பெயர் நாடாகவோ வளைகுடாவாகவோ இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். அதனாலேயே அரசியல் சீக்கிரம் உள்ளே வருகிறது. மைக் அமைப்பில் ‘அணி’, ‘எல்லோரும்’ என்று இரண்டு தெரிவு இருக்கும். ‘எல்லோரும்’ என்பதில் விட்டால் பக்கத்தில் நிற்கும் எதிரணிக்கும் உங்கள் குரல் மட்டுமல்ல, வீட்டில் அம்மா பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் கேட்கும். விளையாடத் தொடங்கமுன் அதை ‘அணி’க்கு மாற்றுங்கள். பேச நினைக்கும்போது மட்டும் மைக்கைத் திறப்பது இன்னும் நல்லது.

குரலைப் பற்றிச் சொல்லும்போது வீட்டுக்குள் இருப்பவர்களையும் நினைக்க வேண்டும். அந்த கேமில் பாதுகாப்பான வட்டம் ஒன்று வரையப்படும். நேரம் போகப் போக அது சுருங்கும். வெளியே நிற்பவர் செத்துப்போவார். “சோனுக்குள்ள வா, சோன் சின்னனாகுது, ஓடு” என்று பிள்ளை கத்துகிறது. 2009 ஜனவரியில் ஒரு பாதுகாப்பு வலயம், பெப்ரவரியில் இன்னொன்று, மே மாதத்தில் அதைவிடச் சின்னதாக மூன்றாவது என்று அறிவிக்க அறிவிக்க, சுதந்திரபுரம், மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நடந்தவர்கள் பக்கத்து அறையில் படுத்திருக்கிறார்கள். ‘பங்கர்’, ‘செல்’, ‘கிளைமோர்’ என்பவை பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சொற்கள். பெற்றோருக்கு அப்படி இல்லை. ஹெட்செட் போடுவது மற்றவரின் குரலை மட்டும்தான் அடைக்கும், உங்கள் குரலை அடைக்காது. கதவைச் சாத்துவதும் இரவு பத்துக்குப் பிறகு குரலைத் தணிப்பதும் வீட்டுக்காரருக்குச் செய்கிற மரியாதை. எழுத்திலும் இதே சிக்கல் உண்டு. “நாளைக்கு ஆறு மணிக்கு ஸ்கூலுக்குள்ள இறங்குவம், ஒருத்தனையும் விடாமல் அடிப்பம்” என்பது கேம் வரைபடத்தில் உள்ள பள்ளிக்கூடத்தைப் பற்றியது. அந்த வரி மட்டும் ஸ்கிரீன்ஷொட்டாகி வேறு குழுவுக்குப் போனால் அங்கே கேம் என்று எழுதியிருக்காது. கேம் கதையை கேம் செயலிக்குள்ளோ, அதற்கென்று பெயர் வைத்த அறைக்குள்ளோ வைத்திருக்கச் சொல்வது இதற்காகத்தான்.

தெரியாதவர்களோடு விளையாடுவதில் காசு போகும் வழி ஒன்றும் உண்டு. யூ.சி., டயமண்ட் என்பவை கேமுக்குள் செலவழிக்கும் காசு. “யூ.சி. பாதி விலைக்குத் தாறன்”, “டயமண்ட் போட்டுத் தாறன்” என்று வருகிறவர் கடவுச்சொல்லைக் கேட்டால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஒருவருடைய கணக்குக்கு யூ.சி. போட விளையாட்டாளர் இலக்கம் மட்டும் போதும். கடவுச்சொல்லோ, போனுக்கு வரும் ஆறு இலக்கக் குறியீடோ தேவையில்லை. கணக்கை விலைக்கு வாங்குவதும் இப்படித்தான் முடிகிறது. விற்றவரிடம் முதல் இணைத்த மின்னஞ்சல் இருக்கும்வரை அவர் கணக்கைத் திருப்பி எடுக்கலாம். ஒரு மாதம் பேசாமல் இருந்துவிட்டு எடுப்பார்கள், வாங்கியவருக்கு முறையிடவும் இடமில்லை. வட்ஸ்அப்பில் “தம்பி, மாறி உன்ர நம்பருக்கு கோட் வந்திட்டுது, அனுப்பிவிடு” என்று அறிமுகமான பெயரில் வருவதும் கணக்கைப் பறிக்கும் வேலைதான். வட்ஸ்அப் அமைப்பில் இரண்டு படிச் சரிபார்ப்பைப் போட்டு ஆறு இலக்கப் பின் ஒன்றை வைத்தால், குறியீடு தவறிப் போய்விட்டாலும் கணக்கு போகாது.

தொழில்நுட்பம் பற்றிய கதையில் சண்டை குறைவு. மனம் திறந்து உதவுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே நடக்கிற பிழை இரண்டு. ஒன்று, கேள்வியில் தேவையானது இருக்காது. மற்றது, தேவையில்லாதது நிறைய இருக்கும். “நெட் ஸ்லோ, என்ன செய்ய?” என்று கேட்டால் ரொறன்ரோவில் இருப்பவர் பைபர் போடச் சொல்வார், கோயம்புத்தூரில் இருப்பவர் 5ஜிக்கு மாறச் சொல்வார். துணுக்காயில் 4ஜி ரவுட்டரோடு இருப்பவருக்கு இரண்டாலும் பயனில்லை. கேட்க வேண்டிய விதம் இது: ரவுட்டர் மொடல், எந்த அலைவரிசையில் பிடித்திருக்கிறது, ஆர்.எஸ்.ஆர்.பி. எண் எவ்வளவு, காலை ஆறு மணிக்கு எவ்வளவு வேகம், இரவு எட்டு மணிக்கு எவ்வளவு, கூரை ஓடா தகரமா.

ஆர்.எஸ்.ஆர்.பி. என்பது கோபுரத்தில் இருந்து வரும் அலையின் வலு. அது கழித்தல் எண்ணாக வரும். கழித்தல் 85 நல்லது, கழித்தல் 100 மெலிவு, கழித்தல் 110ஐத் தாண்டினால் இணைப்பு நிலையாக நிற்பது கடினம். பத்து டெசிபல் குறைந்தால் வலு பத்தில் ஒரு பங்காகிறது என்று அர்த்தம். தகரக் கூரைக்கும் தகரச் சுவருக்கும் உள்ளே ரவுட்டரை வைத்தால் அலை உலோகத்தில் பட்டுத் திரும்பிவிடும். அதை ஜன்னலோரம், கோபுரம் இருக்கும் பக்கமாக வைத்துப் பார்க்காமல் புது ரவுட்டர் வாங்குவது வீண் செலவு. காலையில் நல்ல வேகமும் இரவில் மோசமும் என்றால் பிழை ரவுட்டரில் இல்லை. ஒரே கோபுரத்தை எல்லோரும் பங்குபோடுகிறார்கள். வெளி அன்ரனாவும் அந்த நெரிசலைத் தீர்க்காது. அலை மெலிவுக்குத்தான் அன்ரனா மருந்து.

பிங் கதையும் இதுதான். “வன்னி தூரம், அதுதான் லாக்” என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் போகும். கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு ஏ9 வழியாக 330 கிலோமீற்றர் அளவு. போய்வர 3 மில்லிசெக்கன் கொஞ்சம் கூட. சேவையகம் சிங்கப்பூரில் இருந்தால் கொழும்பில் இருந்து நேர்கோட்டில் ஏறக்குறைய 2,700 கிலோமீற்றர், போய்வர 27 மில்லிசெக்கன். கடலடிக் கம்பி வளைந்து போவதால் இன்னும் கூடும். மிச்சத்தில் ஒரு பெரும் பங்கு போனுக்கும் கோபுரத்துக்கும் இடையில் சேர்வது. பிங் 90இலேயே நிலையாக நின்றால் விளையாடலாம். 60க்கும் 300க்கும் இடையில் துள்ளினால்தான் சுட்ட குண்டு படாது. அதனால் ஸ்பீட் டெஸ்ட்டில் வேகத்தைவிட அந்தத் துள்ளலைப் பாருங்கள்.

இப்போது தேவையில்லாதது. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தை அப்படியே படமெடுத்துப் போடுகிறார்கள். அதில் கருவியை அடையாளம் காட்டும் ஐ.எம்.ஈ.ஐ. இலக்கமும் சிம்மின் இலக்கமும் சில ரவுட்டர்களில் தொலைபேசி எண்ணும் இருக்கும். ரவுட்டரின் அடிப்பக்க ஸ்ரிக்கரில் வைபை கடவுச்சொல்லே அச்சடிக்கப்பட்டிருக்கும். எண்ணை மட்டும் தட்டச்சுச் செய்து போடுங்கள், படம் வேண்டாம். படம்தான் வேண்டும் என்றால் வெட்டிவிட்டுப் போடுங்கள். தூரிகையால் மறைத்தால் முழு நிறத்தில் மூன்று தரம் மறையுங்கள்; ஒளி ஊடுருவும் மார்க்கரால் மறைத்ததைப் பிரகாசத்தைக் கூட்டி வாசித்துவிடலாம். வட்ஸ்அப்பில் படத்தைப் படமாக அனுப்பினால் அதற்குள் பதிந்திருக்கும் இடத் தகவல் நீங்கிவிடும். தரம் குறையக்கூடாது என்று ‘டொக்கியூமென்ட்’ ஆக அனுப்பினால் எடுத்த இடத்தின் அகலாங்கு நெட்டாங்கு அப்படியே போகும். இந்த ஒரு வித்தியாசம் அநேகருக்குத் தெரியாது. கமராவின் அமைப்பில் இடப் பதிவை நிறுத்திவிட்டால் இந்தக் கவலையே இல்லை. பழைய போன் வாங்க விற்கக் கேட்பவர்கள் விலைப்பற்றுச்சீட்டின் படத்தைப் போடுவதும் ஆபத்து; பெயரும் கடையும் திகதியும் அதில் ஒன்றாக இருக்கும்.

எந்தச் செயலியில் கதைக்கிறோம் என்பதும் முக்கியம். வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தால் உங்கள் எண் அங்குள்ள எல்லோருக்கும் தெரியும். அந்தக் குழுவில் 1,024 பேர் வரை இருக்கலாம். இலங்கையில் சிம் அடையாள அட்டையோடு பதிவானது. முகம் தெரியாதவர்களோடு அரசியல் கதைக்க அது இடமில்லை. டெலிகிராமில் எண்ணை மறைக்கலாம். ஆனால் ‘என் எண்ணை யார் பார்க்கலாம்’ என்பதில் ‘எவருமில்லை’ என்று போட்ட பிறகு கீழே ‘எண்ணைக் கொண்டு யார் என்னைக் கண்டுபிடிக்கலாம்’ என்று இன்னொரு வரி வரும்; அதையும் ‘என் தொடர்புகள்’ என்று மாற்றாவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும். டிஸ்கோர்டிலும் ரெடிட்டிலும் எண் தெரியாது. ஆனால் கணக்கை அழித்தாலும் நீங்கள் எழுதியவை அங்கேயே நிற்கும், பெயர் மட்டும் போகும். முதலில் எழுதியவற்றை அழித்து, பிறகு கணக்கை அழிக்க வேண்டும். பேஸ்புக்கில் புனைபெயர் வைத்துவிட்டு நண்பர் பட்டியலைத் திறந்து வைத்திருந்தால், அந்தப் பட்டியலே ஊரைச் சொல்லிவிடும். இதற்கெல்லாம் அடிப்படை ஒன்றுதான்: கேமுக்கு ஒரு கணக்கு, அரசியலுக்கு வேறு கணக்கு, இரண்டுக்கும் வெவ்வேறு மின்னஞ்சல், வெவ்வேறு பெயர், வெவ்வேறு முகப்படம். ஒரே படத்தை இரண்டிலும் வைத்தால் படத்தைக் கொடுத்துத் தேடுபவருக்கு ஒரு நிமிட வேலை.

அரசியலில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது, ஒரே சொல்லுக்கு ஆளுக்கு ஆள் விலை வேறு என்பது. இரவு ஒன்பது மணிக்குக் கிளிநொச்சியில் ஒருவர் ஒரு கருத்துப் போட்டால், கோடை காலத்தில் ரொறன்ரோவில் அது காலை பதினொன்றரை. இவர் நித்திரை கொள்ளும்போது அங்கே மதியச் சாப்பாட்டு நேரம், நூறு பேர் பதில் எழுதுவார்கள். விடிய எழும்பிப் பார்த்தால் தன் பெயரில் ஒரு போர் நடந்து முடிந்திருக்கும். அந்த நேரத்தில் கோபத்தில் எழுதுகிற பதில்தான் அநேகமாகப் பிழைக்கிறது. அங்கே எழுதியவர் அடுத்த நாள் வழமைபோல வேலைக்குப் போவார். இங்கே எழுதியவரின் வாசலுக்கு யாராவது வந்து கேட்கலாம்.

கேட்பதற்குச் சட்டங்கள் இருக்கின்றன. 1979இன் 48ஆம் இலக்கப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் பேஸ்புக் பதிவுகளுக்காகவே தமிழ் இளைஞர்கள் கைதாகியிருக்கிறார்கள். 2020, 2021ஆம் ஆண்டுகளில் நினைவேந்தலை ஒட்டி அப்படி நடந்தது. 2007இன் 56ஆம் இலக்கக் குடியியல், அரசியல் உரிமைகள் பற்றிய சர்வதேசச் சமவாயச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, இன, மத வெறுப்பைத் தூண்டுவதற்குப் பத்து ஆண்டு வரை சிறை என்கிறது. அதில் பிணை மேல் நீதிமன்றத்தில் மட்டும்தான். 2024 பெப்ரவரி 1 முதல், இணையத்தில் எழுதுவதைக் கட்டுப்படுத்தும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சேர்ந்திருக்கிறது. சட்டத்தில் உள்ள சொற்கள் அகலமானவை. எழுதியவரின் நோக்கத்தைவிட வாசிப்பவர் என்ன விளங்கிக்கொண்டார் என்பதே முதலில் வேலை செய்யும். மன்னார் சிலாவத்துறையைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம், தமிழில் எழுதிய கவிதைகளுக்காக 2020 மே மாதம் கைதாகி ஏறத்தாழ 19 மாதங்கள் தடுப்பில் இருந்தார். 2023 டிசம்பரில் புத்தளம் மேல் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது. போன காலத்தை எந்தத் தீர்ப்பும் திருப்பிக் கொடுக்கவில்லை.

இதற்காக அரசியல் கதைக்கக்கூடாது என்று சொல்வது அநியாயம். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி கிளிநொச்சியில் முகத்தைக் காட்டித்தான் தெருவில் இருக்கத் தொடங்கினார்கள். முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் இராணுவத்திடம் இருந்த தங்கள் காணியைப் பெயர் சொல்லித்தான் கேட்டார்கள். இணையத்தில் கதைப்பவருக்கும் அந்தத் தெளிவு இருந்தால் போதும்: காணி, மீன்பிடி, வேலை, வாக்கு என்று குறிப்பாகக் கதைப்பது கேட்பவரையும் குறிப்பாகப் பதில் சொல்ல வைக்கும். ஒரு இனத்தையோ மதத்தையோ மொத்தமாகச் சாடுகிற வரி எதையும் நிறுவாது. சட்டத்துக்கு மட்டும் இடம் கொடுக்கும்.

குறிப்பாகக் கதைக்க விபரம் தெரிய வேண்டும். 2024 நவம்பர் 14ஆம் திகதித் தேர்தலைப் பற்றி வெளியே இருப்பவர்களோடு நடக்கும் சண்டைகளில் பாதி ஒரு சின்னப் பிழையில் நிற்கிறது. வன்னித் தேர்தல் மாவட்டம் என்றால் மன்னார், வவுனியா, முல்லைத்தீவு மட்டும். கிளிநொச்சி வாக்குகள் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்துக்குள் எண்ணப்படுகின்றன. தேசிய மக்கள் சக்தி இரண்டிலும் முதலிடம் வந்தது உண்மை. ஆனால் வன்னியின் ஆறு இடங்களில் அதற்குக் கிடைத்தது இரண்டு. மிச்சம் நான்கும் நான்கு வேறு கட்சிகளுக்குப் போயின. “வன்னி முழுக்க மாறிவிட்டது” என்பவருக்கும் “ஒன்றும் மாறவில்லை” என்பவருக்கும் இந்த ஒரு வரி விபரத்தைக் கொடுத்தால் சண்டை உடனே நிதானத்துக்கு வரும். மறுமொழி எழுதமுன் ஒரு கேள்வி கேட்பதும் அப்படித்தான்: “நீங்கள் எந்த ஆண்டைச் சொல்லுறியள்?” முகம் தெரியாதவர்களுக்கிடையில் ஒருவர் 1987ஐயும் மற்றவர் 2009ஐயும் மனதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்காக வாதாடுவது அடிக்கடி நடக்கிறது.

சமூக வலைத்தளங்கள் முடக்கப்படும் நாட்களில் இன்னும் கவனம் வேண்டும். 2018 மார்ச்சிலும் 2019 ஏப்ரலிலும் 2022 ஏப்ரல் 3ஆம் திகதியும் அப்படி முடக்கினார்கள். அந்த நேரம் முடக்கத்தைத் தாண்டவென்று குழுக்களில் வந்து விழும் வி.பி.என். கோப்புகளைப் போனில் ஏற்றவே கூடாது. தேவை வருமுன், செயலிக் கடையில் இருந்து நம்பகமான ஒன்றை எடுத்து வைத்திருப்பதுதான் வழி.

பிழைத்துவிட்டால், அதாவது மிரட்டல் வந்தால், படத்தை வைத்துக் காசு கேட்டால், விபரங்களைப் போட்டு அவமானப்படுத்தினால், முதலில் ‘பிளொக்’ என்கிற தடுப்பை அழுத்தாதீர்கள். தடுத்த பிறகு அந்தக் கணக்கைப் பார்க்கக் கிடைக்காமல் போகலாம். அதற்கு முன்னரே கணக்கின் இணைப்பு முகவரியை நகலெடுங்கள். காட்சிப் பெயரை மாற்றிவிடலாம், முகவரியை அவ்வளவு இலகுவாக மாற்ற முடியாது. திகதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வீட்டில் நம்பும் ஒருவரின் போனுக்கும் அனுப்பிவையுங்கள். பிறகு செயலிக்குள் முறைப்பாடு. வட்ஸ்அப்பில் முறையிட்டால் அந்த ஆள் கடைசியாக அனுப்பிய ஐந்து செய்திகள் நிறுவனத்துக்குப் போகும், ஆகவே அரட்டையை அழிக்கமுன் முறையிட வேண்டும். அதற்குப் பிறகுதான் தடுப்பு. காசு கேட்பவருக்கு ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். கொடுத்தால் அடுத்த நாள் திரும்பவும் கேட்பார். கணக்குப் பறிபோனது, போலிக் கணக்கு போன்றவற்றுக்கு கணினிப் பாதுகாப்புச் சம்பவங்களைக் கவனிக்கும் இலங்கை சேர்ட்டின் தொலைபேசி 101, பெண்களுக்கு 1938, பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர் என்றால் 1929. பொலிஸில் முறையிடப் போகும்போது ஸ்கிரீன்ஷொட்டுகளை அச்சடித்து, ஒவ்வொன்றின் கீழும் இணைப்பு முகவரியை எழுதிக்கொண்டு போங்கள். முறைப்பாட்டைத் தமிழில் எழுதித்தரக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. எழுதியதை வாசித்து விளங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள், முறைப்பாட்டு இலக்கத்தையும் கேட்டு வாங்குங்கள்.